முத்திரையில் ஏறிய போர்க்கப்பல்



போர்க்கப்பல் ஒன்றை நினைவுகூர வெளியிடப்படும் தபால் முத்திரையைப் பற்றி உடுவிலில் பேச வந்திருக்கிறேன். உடுவிலுக்குக் கடற்கரை இல்லை. தோட்டமும் கிணறும் செம்மண்ணுமாக இருக்கும் யாழ்ப்பாண வலிகாமத்து ஊர் இது. கடற்படைக் கப்பலுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இந்த ஊரின் கல்வி வரலாறு ஒரு கடற்போர் ஓய்ந்த பிறகுதான் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. அமெரிக்காவின் முதல் மிசனரிமார் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தைப் பார்த்தார். வேலை செய்வதற்கு ஏற்ற இடம் இது என்று தம்மை அனுப்பிய சங்கத்துக்குத் தெரிவித்தார். ஆனால் அடுத்த அணி புறப்பட முடியவில்லை. அத்திலாந்திக்கில் இரு நாட்டுக் கப்பல்களும் ஒன்றையொன்று வேட்டையாடிக்கொண்டிருந்தன. சமாதானம் ஆன பின்னர், 1815 ஒக்டோபரில்தான் ‘டிரையட்’ என்ற பாய்க்கப்பல் நியூபரிபோர்ட் துறையை விட்டுக் கிளம்பியது. ஐந்து மாதம் கடலில் கிடந்து 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. 1819 ஜூனில் பொஸ்டனிலிருந்து ‘இண்டஸ்’ என்ற கப்பலில் வின்சிலோ தம்பதியரும் ஸ்போல்டிங் தம்பதியரும் புறப்பட்டார்கள். ஹரியட் வின்சிலோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியின் தொடக்கம் அதுதான்.

அந்த 1812ஆம் ஆண்டுப் போரில் அமெரிக்கர்களுக்குப் பெரும் புகழ் தேடிக் கொடுத்த கப்பல் ‘கொன்ஸ்டிரியூசன்’. 1797 ஒக்டோபர் 21 அன்று பொஸ்டனில் நீரில் இறக்கப்பட்டது. 1812 ஓகஸ்டில் ‘கெரியே’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை உடைத்து வென்றது. கப்பல் நீரில் இறங்கி 150 ஆண்டு நிறைந்த நாளில், 1947இல், அமெரிக்கத் தபால் திணைக்களம் அதற்காக மூன்று சத முத்திரை ஒன்றை வெளியிட்டது. பாய் விரித்த அந்தக் கப்பலின் படத்தைப் பார்ப்பவருக்கு வெற்றி தெரியும். அதே போரினால் எந்தத் துறைகளில் எந்தக் கடிதங்கள் தேங்கிக் கிடந்தன என்பது தெரியாது. யாழ்ப்பாணம் வர வேண்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் கரையில் காத்திருந்ததும் தெரியாது. எடுத்துக்கொண்ட பொருளில் நான் சொல்ல வந்தது இதுதான்: போர்க்கப்பலின் வேலை கடற்பாதையை மறிப்பது, அல்லது மறிப்பவனைத் துரத்துவது. கடற்பாதை என்பது தபால் போகும் பாதை. ஆகவே போர்க்கப்பலைத் தாங்கிய முத்திரை ஒவ்வொன்றும், தான் சேர்ந்த தபால் சேவையின் இடரையும் சேர்த்துத்தான் நினைவுகூருகிறது. வெளியிடுபவர்கள் அதை உணர்ந்தாலும் சரி, உணராவிட்டாலும் சரி.

நம் கடலில் இது மிகத் தெளிவாக நடந்த காலம் 1914. கப்பலின் பெயர் எம்டன்.

எம்டன் யேர்மன் கடற்படையின் சிறிய ரகக் குரூசர். 1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்ரிமீற்றர். தளபதி கார்ல் வொன் முல்லர். போர் தொடங்கிய பின் யேர்மனியின் கிழக்காசிய அணியிலிருந்து பிரிந்து, தனியாக இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தது. இதற்கு மூன்று புகைபோக்கிகள். பிரித்தானியக் கப்பலான ‘யார்மவுத்’ போலத் தோன்றுவதற்காக நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டார்கள். 1914 செப்டெம்பர் 10இலிருந்து வங்கக் கடலில் கப்பல்கள் ஒவ்வொன்றாக அகப்படத் தொடங்கின. முதலில் மூழ்கடிக்கப்பட்ட பிரித்தானியக் கப்பலின் பெயரும் ‘இண்டஸ்’. தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் உடுவிலின் ஆசிரியர்களை ஏற்றி வந்த கப்பலின் அதே பெயர். தொடர்ந்து ‘லோவட்’, தேயிலை ஏற்றிச் சென்ற ‘டிப்ளோமட்’, ரெயில் இயந்திரங்கள் ஏற்றி வந்த ‘கிளான் மதசன்’ எல்லாம் போயின. பிடிபட்ட ‘கபிங்கா’வில் கப்பல் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள், சரக்கும் அமெரிக்கருடையது. முல்லர் அதை அழிக்கவில்லை. பிடிபட்ட மாலுமிகள் எல்லோரையும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். பிடித்த கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் கரைசேர்த்த தளபதி என்ற மதிப்பை எதிரிகளும் அவருக்குக் கொடுத்தார்கள். அந்த மதிப்பு அவருக்கு உரியதுதான்.

செப்டெம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகளைச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். எண்ணெய் எரிந்த வெளிச்சம் கடலில் வெகுதூரம் தெரிந்தது. துறைமுகத்தில் நின்ற ‘சுப்ரா’ என்ற கப்பலிலும் குண்டு பாய்ந்தது. உயிர்கள் போயின. அடுத்த நாட்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு ஓடினார்கள். சென்னை உயர் நீதிமன்ற மதிலில் அந்த இரவை நினைவூட்டும் கல் இன்றும் உண்டு. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இந்தக் கப்பலில் இருந்தார் என்று தமிழில் பலரும் எழுதிவிட்டார்கள். அந்த மாதங்களில் அவர் சூரிச்சிலும் பெர்லினிலும் இந்திய விடுதலைக் குழுவின் வேலைகளில் இருந்தார். அவருடைய உண்மையான தொண்டே பெரியது. கப்பல் கதை அவருக்குத் தேவையில்லை.

சென்னையை விட்ட எம்டன் தெற்கே வந்து இலங்கையைச் சுற்றியது. செப்டெம்பர் 25 தொடங்கி மூன்று நாட்களுக்குள் ‘கிங் லட்’, ‘டைமெரிக்’, ‘கிறைபேவேல்’, ‘புரெஸ்க்’, ‘ரிபேரா’, ‘போயில்’ என ஆறு கப்பல்கள் பிடிபட்டன. கொழும்புத் துறைமுகத்தின் தேடொளி விளக்குகள் கடலைத் துழாவுவதை எம்டனின் தட்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘புரெஸ்க்’ நல்ல வேல்ஸ் நிலக்கரி ஏற்றி வந்தது. அதை மூழ்கடிக்காமல் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் நிலக்கரி இல்லாமல் எந்தக் குரூசரும் ஓடாது. பின்னர் தியாகோ கார்சியாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் மூண்ட செய்தியே எட்டியிருக்கவில்லை. தபால் போகாத தீவில் போரும் தெரியாது.

இப்போது உடுவிலுக்குத் திரும்புகிறேன். 1914இல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மலாயாவுடன் தொடர்பில்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? மிசன் பாடசாலைகளிலும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்த இளைஞர்கள், மலாய் நாடுகளின் ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்மாராகவும் ஸ்டேசன் மாஸ்டர்மாராகவும் போய் நிறைந்த காலம் அது. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்ற பெயர்கள் நம் வீடுகளில் பக்கத்து ஊர்ப் பெயர்களாகப் புழங்கின. அங்கிருந்து வந்த கடிதத்தின் உறையில் பாயும் புலியின் படம் போட்ட முத்திரை இருக்கும். கூட்டிணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களின் அந்தப் புலி முத்திரை 1900இலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இலங்கை முத்திரையை விடப் புலி முத்திரையைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடிதம் வந்த வழியைப் பாருங்கள். தைப்பிங்கிலிருந்து ரெயிலில் பினாங்குக் கரைக்கு. பினாங்கிலிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்கு. கொழும்பிலிருந்து, 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடபாதை ரெயிலில் யாழ்ப்பாணத்துக்கு. சுன்னாகத்தில் இறங்கித் தபாற்காரர் கையில் வீட்டுப் படலைக்கு. பினாங்குக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட அந்த நீர்தான் எம்டனின் வேட்டைக்களம். கப்பல் கம்பெனிகள் கப்பல்களைத் துறைக்குள்ளேயே நிறுத்தி வைத்தன. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. கடிதம் தாமதித்தால் மனம் மட்டுமல்ல, வீடும் தவிக்கும். காசுக்கட்டளை அந்தக் கடிதத்தோடுதான் வரும். அறாவிலைக்கு வாங்கிய காணிக்குக் கட்டவேண்டிய மீதி, தங்கச்சியின் சீதனம், தம்பியின் படிப்புச் செலவு, கிணறு இறைக்கும் கூலி எல்லாம் அதை நம்பியிருந்தன.

இந்த இடத்தில் உடுவில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் கடந்து போக முடியாது. அக்காலத்துத் தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் பெரும்பாலான வீடுகளில் கடிதம் வந்தால் படித்துக் காட்ட வாத்தியாரைத் தேட வேண்டும். உடுவிலில் படித்த பெண் தன் கணவனின் கடிதத்தைத் தானே பிரித்து, தானே படித்து, தன் கையாலேயே மறுமொழி எழுதினாள். வேறொருவர் காதில் விழாமல் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளக் கிடைத்த அந்தத் தனிமை, பெண்கல்வி இந்த ஊருக்குத் தந்த கொடைகளில் முதன்மையானது என்பது என் துணிபு. அந்தப் பேச்சின் நடுவில்தான் எம்டன் வந்து நின்றது.

ஒக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் பினாங்குத் துறைக்குள்ளேயே புகுந்தது. நங்கூரமிட்டிருந்த ‘செம்சுக்’ என்ற ருசியக் குரூசரை மூழ்கடித்தது. வெளியேறும்போது ‘மூஸ்கே’ என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அழித்தது. நம் கடிதங்கள் கப்பலேறும் துறை அது. ஊரில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தின் மிச்சம் நம் பேச்சில் எம்டன் என்ற பெயராகவே தங்கிவிட்டது.

அதன் முடிவும் செய்தித்தொடர்பின் கையால்தான் வந்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுக்கூட்டத்தின் டிரெக்சன் தீவில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிப்பதற்காக, தம் அதிகாரி வொன் மியூக்கே தலைமையில் ஐம்பது பேரை முல்லர் கரையிறக்கினார். அவுஸ்திரேலியாவையும் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் இணைத்த கம்பிகள் அங்கே சந்தித்தன. அந்நியக் கப்பல் வாசலில் நிற்கிறது என்று நிலையத்திலிருந்தவர்கள் யேர்மனியர் வந்து சேரும் முன்னரே தந்தி அடித்துவிட்டார்கள். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிய கப்பல் அணி அப்போது அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ என்ற குரூசர் திரும்பியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. ஆறு அங்குல வாய் கொண்டவை எட்டு. முதலில் குறி தப்பாமல் சுட்டது எம்டன்தான். ஆனால் போர் நீள நீளத் தாக்குப்பிடிக்கவில்லை. முல்லர் எரிந்த கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். எம்டனில் நூற்று முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் கப்பலில் சலவை வேலை பார்த்த சீனரும் உண்டு. சிட்னியில் நால்வர்.

கரையில் விடுபட்ட மியூக்கேயும் அவருடைய ஆட்களும் ‘அயேசா’ என்ற சிறு பாய்க்கப்பலைக் கைப்பற்றி, சுமாத்திராவின் பாடாங் வழியாக அரேபியாவுக்குப் போய், பாலைவனத்தைக் கடந்து 1915இல் கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தார்கள். அது தனிக் காவியம். இன்று அதற்குள் போகவில்லை.

காயமடைந்த யேர்மனியரை ஏற்றிக்கொண்டு சிட்னி நவம்பர் நடுப்பகுதியில் கொழும்புக்கு வந்தது. துறைமுகம் முழுக்கப் படைக்கப்பல்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் ஆரவாரம் செய்யக் காத்திருந்தார்கள். கப்பலில் காயப்பட்டவர்கள் கிடக்கிறார்கள், கூச்சல் வேண்டாம் என்று சிட்னியின் தளபதி கிளொசொப் கேட்டுக்கொண்டார். வென்ற கப்பல் அமைதிக்கு நடுவே துறைக்குள் வந்தது. இலங்கைக் கரையில் நடந்த அந்த நிகழ்ச்சியை நம் பாடப்புத்தகங்களில் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1989இல் கொக்கோஸ் தீவுகளின் தபால் நிர்வாகம் இந்தப் போரை நினைவுகூர்ந்து ஒரு முத்திரைத் தொகுதியை வெளியிட்டது. சில நூறு பேர், பெரும்பாலும் மலாய் மக்கள், வாழும் தீவுகள் அவை. அவுஸ்திரேலியாவின் ஆளுகையில் இருந்தாலும் 1979 முதல் தமக்கென்று தபால் நிர்வாகம் வைத்திருந்தன. உலகெங்கும் உள்ள முத்திரை சேகரிப்போர் வாங்கும் காசு அத்தகைய சிறு தீவுகளுக்கு முக்கிய வருமானமாக இருந்தது. அந்தத் தொகுதியில் வென்ற சிட்னியும் உண்டு, தோற்ற எம்டனும் உண்டு. நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன். தன் கப்பலை மட்டும் அச்சிட்டுப் பெருமைப்படும் வழக்கமே உலகில் மிகுதி. எதிரியின் கப்பலையும் அதே தாளில் அச்சிட்டு அதற்கும் விலை போட்டு விற்பது, கொழும்பில் கிளொசொப் காட்டிய பண்பின் தொடர்ச்சி.

ஆனாலும் அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் இடையில் இன்னொரு போர் நினைவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் யப்பான் சிங்கப்பூரைப் பிடித்த பின் கொக்கோஸ் தீவுகளை இலங்கை அரசாங்கமே பார்த்துக்கொண்டது. அங்கே ஹோர்ஸ்பர்க் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் 1942 மே 8 இரவு கலகம் செய்தார்கள். கிரேசியன் பெர்னாண்டோ என்ற இளைஞரும் மற்றும் இருவரும் அந்த ஆண்டு ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். எந்த நினைவு முத்திரையாகும், எந்த நினைவு கோவைக்குள் கிடக்கும் என்பதை அரசுகள் தீர்மானிக்கின்றன. தபால் முத்திரை அரசின் ஆவணம். அரசு எதைச் சொல்ல விரும்புகிறதோ அதைச் சொல்லும்.

இந்தியா இதை வேறு விதமாகச் செய்திருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு, குஜராத்தை ஒட்டிய டையூத் தீவின் கரைக்கு அப்பால் ‘குக்ரி’ என்ற இந்தியப் போர்க்கப்பலைப் பாக்கித்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். தளபதி மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடு மூழ்கினார். 2000இல் இந்தியத் தபால் துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது. கப்பலை ஒரு மனிதரின் முகம் வழியாக நினைவுகூர்வது அது. வெற்றியைக் கொண்டாடாமல் இழப்பை ஏற்றுக்கொண்ட அந்த முத்திரையை, 1947இன் அமெரிக்க முத்திரைக்கு மேலாகவே வைப்பேன்.

நம் பக்கத்துக் கணக்கு என்ன? எம்டன் மறித்த கடலில் நம் கடிதங்கள் போயின. அவற்றை நினைவுகூர எந்த அரசையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கடிதங்களே சாட்சி. 1914க்கும் 1918க்கும் இடையில் மலாயாவிலிருந்து வந்த உறைகள் பலவற்றில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய அடையாளங்கள் இருக்கும். புறப்பட்ட நாளின் தபால் குறியும் வந்து சேர்ந்த நாளின் தபால் குறியும் இருக்கும். இரண்டு திகதிகளுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணினால், அந்த வாரத்தில் கடல் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். போர்க்கப்பலின் படம் போட்ட எந்த முத்திரையை விடவும் அந்த உறை போரைப் பற்றி அதிகம் சொல்லும்.

அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. இந்த ஊரவர்கள் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பாட்டியின் றங்குப்பெட்டியை யார் தூக்கியிருப்பார்? திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டில் கடிதக்கட்டு எங்கே இருக்கும்? ஆனால் கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் கோலாலம்பூருக்கும் போன உறவினரிடம் இன்னும் சில கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு அறியாமல் முத்திரையை மட்டும் வெட்டியெடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு உறையை எறிகிறார்கள். முத்திரை சேகரிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: உறையோடு இருக்கும் முத்திரைதான் வரலாறு.

ஆகவே இங்கே கூடியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய மலாயாக் கடிதம் இருந்தால் உறையைக் கிழிக்காதீர்கள், முத்திரையை வெட்டாதீர்கள், செலோரேப் ஒட்டாதீர்கள். ஈரம் படாத இடத்தில், கடிதத்தையும் உறையையும் சேர்த்தே வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தினரிடமோ, நம் ஆவணங்களை மின்னுருவாக்கம் செய்துவரும் நூலக நிறுவனத்தாரிடமோ காட்டிப் படியெடுக்கக் கொடுங்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது, வீட்டில் அப்படி ஒரு கட்டு உண்டா என்று இன்றிரவே கேளுங்கள்.